ஐம்பத்தாறு வாக்குகள்

யாழ்ப்பாணத் தொகுதி எவருக்கும் முதுசச் சொத்தாக இருந்ததில்லை. 1947 முதல் மூன்று பொதுத் தேர்தல்களில் ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்களைத் தெரிவுசெய்த வாக்காளர், 1960இல் நடந்த இரு தேர்தல்களிலும் அல்பிரட் துரையப்பாவை அனுப்பினர். 1965இல் மீண்டும் பொன்னம்பலத்திடம் திரும்பினர். 1970இல் மும்முனைப் போட்டி. தமிழரசுக் கட்சியின் சி. எக்ஸ். மார்ட்டின், துரையப்பாவை 56 வாக்குகளால் முந்தினார். எங்கள் பாடசாலையில் இரு வகுப்புப் பிள்ளைகளின் தொகை அவ்வளவுதான்! பொன்னம்பலம் மூன்றாமிடம். அளிக்கப்பட்ட வாக்குகளில் பாதிக்கு மேற்பட்டவை வென்றவருக்கு விழாதவை.

வாக்காளன் நிலையற்றவன் என்று பழிப்போர் உளர். எனக்கு அது உடன்பாடன்று. கட்சியை வேறாகவும் ஆளை வேறாகவும் நிறுத்துப் பார்க்க அவன் அறிந்திருந்தான். அத்தொகுதி தனக்கென ஓர் உறுப்பினரை இறுதியாகத் தெரிந்தது 1977இல். 1989 முதல் விகிதாசார முறையில் மாவட்டத்துக்கே வாக்களிப்பு.