பழைய பெட்டிக்கு ஏற்ற பவர் கார்டு

பரணில் உறங்கும் பழைய டேப் ரிக்கார்டரின் பவர் கார்டு தொலைந்துவிட்டது என்பதற்காக, அந்த அருமையான சாதனத்தையே எடைக்குப் போட்டுவிடுவது நியாயமன்று. பெரும்பாலானவற்றுக்கு உரிய, 8 என்ற இலக்கத்தைப் போன்ற முனையுள்ள வயர், 2.5 ஆம்பியர் தாங்கும் சர்வதேச அளவில் அமைந்ததாதலால், சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் அதைத் தேடிப் பெறலாம். ஆயினும், பிறர் உபயோகித்ததை வாங்குமுன், அதன் மேலுறையை முழுநீளமும் மெல்ல வளைத்துப் பார்த்து, வெடிப்போ கருகலோ இல்லையென்று நிச்சயித்துக்கொள்வதும், வெளிநாட்டுப் பெட்டியாயின் அது நமது 230 வோல்ட் மின்சாரத்துக்கு உகந்ததா என்று பின்புறத்தில் படித்தறிவதும் அவசியம். துணி சுற்றிய ரப்பர் வயருள்ள வால்வு ரேடியோவாயின், காலப்போக்கில் ரப்பர் இறுகி உதிர்ந்துவிடுமாதலால், தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு புதிய வயரையே பொருத்துவது உத்தமம். சந்தேகத்துக்கு இடமான வயரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள்.