மருந்து உறையும் ஆங்கில வகுப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையிலே பேசுவதற்கு இலக்கியம் இருக்கிறது, சமயம் இருக்கிறது, நாட்டு நடப்பும் இருக்கிறது. அவற்றையெல்லாம் விட்டு ஒரு சிறு கடதாசி உறையோடு உங்கள்முன் வந்திருக்கிறோம். இது மருந்துக்கடையிலே குளிசை போட்டுத் தருகின்ற உறை. இதன்மேல் எழுதியிருப்பவை ஐந்தே ஐந்து ஆங்கிலச் சொற்கள்: "ரேக் வண் ரப்லெற் ருவைஸ் டெயிலி." ஒரு குளிசை வீதம் நாளுக்கு இருமுறை எடுக்கவேண்டும் என்பது இதன் பொருள். இந்த ஐந்து சொற்களும் எமக்கு ஒரு பாடம் கற்பித்தன. அந்தப் பாடமே இன்றைய பேச்சு.

எமது சங்கத்தின் மாலை ஆங்கில வகுப்புக்கு வருவோரிற் பலர் அறுபது வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். இவர்களும் அங்கே சென்று வாழ ஆயத்தமாகிறார்கள். வேறு சிலர் மாதந்தோறும் கிளினிக்குக்குப் போய்ப் பல உறைகளோடு திரும்புபவர்கள். "கடிதம் எழுதத் தெரியாவிட்டாலும் காரியமில்லை, மருந்துத் துண்டை வாசிக்கத் தெரிந்தாற் போதும்" என்று அவர்களே கேட்டார்கள். நியாயமான வேண்டுகோள் என்று எண்ணி, வெற்று உறைகளைச் சேகரித்து வாசிக்கக் கற்பித்தோம்.

அந்த வகுப்பிலே ஓர் ஆச்சி இருந்தார். ஒருநாள் தமது இரத்த அழுத்த மருந்தின் உறையைக் கொண்டுவந்து, நாம் மேலே சொன்ன ஐந்து சொற்களையும் பிழையின்றி வாசித்தார். வகுப்பு முழுவதும் கைதட்டிற்று. நாமும் தட்டினோம். அடுத்த வாரம் ஆச்சி சோர்ந்துபோய் வந்தார். நடுப்பகலில் தலை சுற்றுகிறது என்றார். எமது இளைஞர் ஒருவருக்கு ஏதோ ஐயம் பிறந்தது. ஒரு பிடி புளியங்கொட்டையை மேசையில் வைத்து, "ஆச்சி, இவை குளிசை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. ஒரு நாளைக்கு எடுக்கிற மாதிரி வைச்சுக் காட்டுங்கோ" என்றார்.

ஆச்சி இரண்டு கொட்டைகளை எடுத்துக் காலைக்குரிய இடத்தில் ஒன்றாக வைத்தார். "ருவைஸ் எண்டால் ரண்டுதானே, தம்பி? ரண்டையும் விடியப் போட்டிடுவன்" என்றார். பின்பு அவர் சொன்னதுதான் எம் நெஞ்சிலே தைத்தது: "கடையில நிண்ட பொடியன் சொல்லித்தர வந்தவன். நான்தான், 'வேண்டாம் தம்பி, எனக்கு வாசிக்கத் தெரியும்' எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

அன்பர்களே, எமது வகுப்புக்கு வருமுன்னர் அந்த ஆச்சி கடையிலே கேட்டுத் தெரிந்துகொண்டு, சரியாகத்தான் மருந்து எடுத்துவந்தார். நாம் அவருக்கு வாசிப்பைக் கொடுத்தோம்; கேட்கும் வழக்கத்தைப் பறித்துவிட்டோம். அன்றே அவரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். கேடு பெரிதாகவில்லை. ஆயினும் நாம் தட்டிய கைகள் பல நாள் எம்மைச் சுட்டன.

இது ஆங்கிலம் புதிதாகக் கற்போருக்கு மாத்திரம் நேரும் இடர் என்று எண்ணவேண்டாம். அமெரிக்காவிலே மூன்று மாநிலங்களில் 395 பேரைக்கொண்டு செய்த ஓர் ஆய்வு 2006 இல் வெளிவந்தது. அவர்கள் ஆங்கிலம் பேசுபவர்கள். "இரண்டு குளிசை வீதம் நாளுக்கு இருமுறை" என்ற அறிவுறுத்தலை அவர்களிடம் காட்டினார்கள். வாசிப்புத் திறன் குறைந்தவர்களிலே நூற்றுக்கு எழுபது பேர் அதனைச் சரியாகச் சொன்னார்கள். ஆனால், "ஒரு நாளைக்குரிய குளிசைகளை எண்ணிக் காட்டுங்கள்" என்றபோது, நான்கு குளிசை என்று சரியாகக் காட்டியவர்கள் நூற்றுக்கு முப்பத்தைந்து பேரளவே. நாவு கடந்துவிட்ட இடத்திலே கை தடுக்கி நின்றது. எமது ஆச்சிக்கு நேர்ந்ததும் இதுவே.

ஆகவே எமது வகுப்பின் முறையை மாற்றினோம். இப்போது அங்கே வாசித்தவருக்குக் கைதட்டல் இல்லை; வைத்துக் காட்டியவருக்கே உண்டு. மேசையில் நான்கு சிரட்டைகள் இருக்கும்: காலை, மத்தியானம், பின்னேரம், இரவு. உறையை வாசித்தபின் புளியங்கொட்டைகளை அந்தந்தச் சிரட்டையில் இடவேண்டும். அமெரிக்காவின் மருந்து நியமங்களை வகுக்கும் சபையும், 2013 இல் நடைமுறைக்கு வந்த தனது விதியிலே, "நாளுக்கு இருமுறை" என்பதிலும் "காலையில் இத்தனை, மாலையில் இத்தனை" என்று எழுதுதலே நன்று எனக் கூறியிருக்கிறது. எமது சிரட்டைகள் செய்வதும் அதுவே.

இனி, எந்தச் சொற்களிலே கற்போர் இடறுகிறார்கள் என்பதைச் சொல்லுவோம். கடினமான சொற்களில் அல்ல. முன்னரே தெரிந்த சொற்களில்தான். "அப்பிளை" என்றால் எமது மக்களுக்கு வேலைக்கு விண்ணப்பம் போடுவது. பூச்சு மருந்தின் குழாயிலே அச்சொல்லைக் கண்ட ஒரு முதியவர், "இதுக்கும் படிவம் நிரப்பவேணுமோ?" என்று கேட்டார். அங்கே அது பூசுதல் என்று பொருள்படும். "ஸ்ரோர்" என்றால் கடை என்றே பலர் அறிவர். போத்தலில் அது வைத்துப் பேணுதல். இவை சிரிப்போடு போய்விடும். சிரிக்க முடியாத சொற்களும் உண்டு. பனடோல் பெட்டியிலே, 24 மணித்தியாலத்தில் எட்டுக் குளிசைக்கு மேற்படலாகாது என்று எழுதியிருக்கும். "எட்டு", "24 மணித்தியாலம்" என்னும் இரண்டையும் பிடித்துக்கொண்டு, "நொற்" என்னும் சின்னஞ்சிறு சொல்லை விட்டுவிட்டால், எட்டும் எடுத்தே ஆகவேண்டும் என்று பொருளாகிவிடும். எனவே "நொற்", "ஒன்லி", "அன்ரில்" என்னும் சிறு சொற்களைச் சிவப்பு மையாற் கோடிட்டுப் பழக்குகிறோம்.

வேறொரு பெயர்க் குழப்பமும் உண்டு. பனடோல் என்பது வியாபாரப் பெயர். அதனுள் இருக்கும் மருந்து பரசிற்றமோல். வேறொரு பெயருடைய தடிமன் குளிசையிலும் அதே பரசிற்றமோல் இருக்கலாம். இரண்டையும் ஒருங்கே எடுப்பவர் தாம் அறியாமலே அளவை மிஞ்சுகிறார்; அது ஈரலைக் கெடுக்கும். எமது நாட்டுப் பேராசிரியர் சேனக பிபிலே, மருந்துகளை அவற்றின் பொதுப்பெயராலேயே வழங்கவேண்டும் என்று பாடுபட்டவர். 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றுவதற்கும் அவரே முதற் காரணர். பெட்டியிற் பெரிய எழுத்தை மாத்திரமன்றி, அதன்கீழ் உள்ள சிறிய எழுத்தையும் பார்க்கவேண்டும் என்று நாம் கற்பிப்பது அவர் காட்டிய வழியே.

வைத்தியர் எழுதும் துண்டிலே ஆங்கிலமும் இல்லை. இலத்தீன் சுருக்கங்கள் இருக்கின்றன. "பீ.டீ." என்றால் நாளுக்கு இருமுறை, "ரீ.டீ.எஸ்." என்றால் மும்முறை, "மானே" காலை, "நொக்ரே" இரவு, "எஸ்.ஓ.எஸ்." என்றால் தேவைப்பட்டால் மாத்திரம். இவற்றை ஒரு மட்டையில் எழுதிச் சுவரிலே தொங்கவிட்டிருக்கிறோம். பாணி மருந்துக்கு வீட்டுக் கரண்டி உதவாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் அளவு. 5 மில்லிலீற்றர் என்றால் அளவு குறித்த மூடியோ குழலோ கொண்டே அளக்கவேண்டும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோற்றெக்சேற் என்னும் குளிசை வாரத்துக்கு ஒருமுறை எடுப்பது. "வீக்லி" என்பதை "டெயிலி" என்று மயங்கி நாள்தோறும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. இந்த இரண்டு சொற்களுக்கும் ஒரு மாலைப்பொழுதையே ஒதுக்குகிறோம்.

மற்றொன்று, எம்மவர்க்கே உரியது. "சாப்பாட்டுக்கு முன்" என்று நீரிழிவுக் குளிசையின் உறையில் எழுதியிருக்கிறது. சஷ்டி விரத நாளிலே சாப்பாடே இல்லையே! குளிசையை எடுப்பதா, விடுவதா? எடுத்துவிட்டுப் பட்டினி கிடந்தாற் சீனி இறங்கி மயக்கம் வரக்கூடும், விட்டால் ஏறக்கூடும். இதற்கு உறையிலே விடை இல்லை. எமது வகுப்பிலும் இல்லை. விரதம் பிடிக்குமுன்னர் வைத்தியரிடம் கேட்கவேண்டும். "உறை சொல்லாததைக் கேள்" என்பதும் மொழிப்பாடத்தின் ஒரு பகுதியே.

"கைத்தொலைபேசியைக் காட்டினால் மொழிபெயர்த்துவிடுமே" என்று இளைஞர்கள் சொல்வது எமக்குக் கேட்கிறது. நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியிலே, கணினி மொழிபெயர்த்த ஸ்பானிய மருந்துச் சீட்டுகளை ஆராய்ந்து 2010 இல் எழுதினார்கள். பார்த்தவற்றில் ஏறக்குறைய அரைவாசியிற் பிழை இருந்தது. ஆங்கிலத்தில் ஒருமுறை எனப் பொருள்படும் "வண்ஸ்" என்ற சொல்லின் எழுத்துகளை ஸ்பானியர் "ஒன்சே" என்று வாசிப்பர். அவர்களுக்கு அது பதினொன்று! மொழிபெயர்க்கப்படாமல் அச்சொல் நின்றுவிட்டால், ஒரு குளிசை பதினொன்றாகும். கருவி உதவட்டும், முடிவு சொல்லும் உரிமையை அதற்குக் கொடுத்துவிடலாகாது.

ஆங்கிலத்தைக் கற்பிக்கும் நீங்கள், உறையிலே தமிழ் வேண்டும் என்று கேட்கமாட்டீர்களா என்று பெரியோர் சிலர் வினவினார்கள். கேட்கிறோம். 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தையே தமிழிற் கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழில் ஆக்கினார். உடற்கூற்றைச் சொல்ல வல்ல தமிழுக்கு, "காலையில் ஒன்று, இரவில் ஒன்று" என்று சொல்ல இயலாதா? தமிழில் எழுதித் தருக எனக் கேட்பது எமது உரிமை. எழுதித் தரும்வரை எண்ணிப் பழகுவது எமது கடமை. பிறநாடு செல்லும் பெற்றோர்க்கோ ஆங்கில உறையே கிடைக்கும். பேரப்பிள்ளை பள்ளிக்குப் போன நேரத்தில், அவர்களுக்குத் துணை தாம் கற்றதும், கேட்கும் துணிவுமே.

எனவே வகுப்பில் இறுதியாக ஓர் ஆங்கில வாக்கியத்தை எல்லோருக்கும் மனப்பாடமாக்குகிறோம். "நான் விளங்கியதைச் சொல்லுகிறேன், சரியா என்று பாருங்கள்" என்பதே அதன் கருத்து. மருந்து தருபவர்முன் நின்று இதனைச் சொல்லி, விரல்விட்டு எண்ணிக் காட்டவேண்டும். அந்த ஆச்சி இன்று ரொறன்ரோவில் இருக்கிறார். அங்குள்ள மருந்துக்கடையிலே முதன்முறை இதனைச் சொன்னபோது, அவர்கள் பொறுமையாகக் கேட்டு ஓரிடத்தில் திருத்தினார்களாம். "அண்டைக்குக் கேளாமல் வந்தன், இண்டைக்குக் கேட்டிட்டு வந்தன் எண்டு தம்பியவைக்குச் சொல்லு" என்று மகள் வாயிலாகச் சொல்லியனுப்பினார்.

இளைஞர்களே, உங்களிடம் ஒன்றே வேண்டுகிறோம். இன்றிரவு வீடு சென்றதும், அம்மாவினதோ அப்புவினதோ மருந்துப் பெட்டியை எடுத்து அவர்கள் பக்கத்தில் அமருங்கள். "வாசியுங்கோ" என்று சொல்லாதீர்கள். "நாளைக்கு எடுப்பதை வைச்சுக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். பிழை கண்டால் ஏசாதீர்கள். ஏச்சுக்கு அஞ்சியவர் மறுமுறை காட்டமாட்டார். நீங்களாக மாற்றாமல் வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுத் திருத்துங்கள். பெரியோர்களே, கேட்பது குறைவென்று எண்ணாதீர்கள். படித்தவர்க்கும் அது தேவை என்பதைக் கைதட்டித் தவறிய நாம் அறிவோம்.