வீராங்கனையின் மனம்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வீராங்கனைக்கு முழங்கால் வீங்கினால் ஐஸ் வைக்கிறோம், துணி சுற்றுகிறோம். மனம் களைத்தால் மட்டும் "பயந்துவிட்டாள்" என்கிறோம்.

2021 யூலை 27ஆம் திகதி, ரோக்கியோ ஒலிம்பிக்கின் சீருடற்பயிற்சிக் குழு இறுதிப்போட்டியை உங்களிற் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்தரத்தில் இரண்டரைச் சுற்றுச் சுற்றவேண்டிய அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ், ஒன்றரைச் சுற்றோடு தரையிறங்கினார். பின்னர் போட்டியிலிருந்து விலகினார். அந்தரத்தில் தன் உடல் எப்படி நிற்கிறது என்ற உணர்வே தவறிப்போகும் நிலை அது. 'ருவிஸ்ரிஸ்' என்பார்கள். அந்த நிலையில் தொடர்ந்து பாய்ந்தால் கழுத்து முறியலாம். அவரைக் கோழை என்றவர்கள் ஒருநாளும் தலைகீழாகச் சுற்றிப் பார்த்திராதவர்கள்!

நெருக்கீடு போட்டியால் மட்டும் வருவதில்லை. பெருந்தொற்றால் ஓராண்டு பிற்போடப்பட்ட ஒலிம்பிக் அது. பார்வையாளர் இல்லை, குடும்பத்தவர் கூட வரமுடியாது. 2016இல் ரியோவில் நான்கு தங்கம் வென்றவரிடம் மீண்டும் தங்கத்தையே எதிர்பார்த்தார்கள். அணியின் மருத்துவராயிருந்தவர் தன்னைத் துஷ்பிரயோகம் செய்ததை 2018இல் அவர் பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். தன்னைக் காக்கவேண்டிய அமைப்பு காக்கவில்லை என்ற காயத்தோடுதான் அவர் அந்த அரங்கில் நின்றார்.

மனம் நலமாயிருக்க மூன்று வேண்டும் என்பர் உளவியலாளர் டெசியும் றயனும்: தன் விருப்போடு செய்தல், தன்னால் முடியும் என்ற உணர்வு, தன்னை ஏற்கும் மனிதர். பதக்கம் தேடும் பயிற்சி இரண்டாவதை மட்டும் ஊட்டி, மற்ற இரண்டையும் பட்டினி போடுவதுண்டு. "நான் விளையாட்டுக்காரி" என்பதைவிட வேறு அடையாளமில்லாத பிள்ளை, காயப்பட்டு வெளியே இருக்கும்போது என்ன செய்வாள்?

ஒரு வாரத்தின் பின் பைல்ஸ் சமநிலைச் சட்டத்தில் ஏறினார். இறங்கும்போது உடலை முறுக்கிச் சுற்றாத வேறொரு முறையைத் தெரிந்து, வெண்கலம் வென்றார். 2024இல் பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. அங்கேயும் உளவளத்துணையாளரோடு பேசுவதை அவர் நிறுத்தவில்லை.

நூற்றாண்டு நிதியில் வலைப்பந்தாட்டத் திடலைத் திருத்தப்போவதாக அறிகிறேன், மகிழ்ச்சி. அதோடு ஒரு சிறிய அறையும் தாருங்கள். வாரத்தில் ஒரு பின்னேரம், பயிற்றுநரோ பெற்றோரோ பக்கத்தில் இல்லாமல், உளவளத்துணை ஆசிரியையோடு எங்கள் அணிப் பிள்ளைகள் பேசட்டும். அங்கே பேசுவது அணித் தெரிவுக்குப் போகக்கூடாது.