சுருட்டின் நயம்



இன்றைய பேச்சின் தலைப்பைக் கேட்டதும் உங்களிற் சிலர் வானொலியின் ஓசையைக் குறைக்கக்கூடும். கல்லூரியில் தமிழ் படிப்பிக்கிற ஒருவர் சுருட்டைப் பற்றிப் பேசுவதா என்று முகம் சுளிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் புகைப்பவனல்லன். புகையிலைக்கு விளம்பரம் செய்வதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமும் தடுத்திருக்கிறது. நான் பேச வந்தது, ஒரு பொருளின் தரத்தைக் கண்டு சொல்லும் ஆற்றலைப் பற்றி. அதை எனக்குக் காட்டித் தந்தவர் இலக்கியம் கற்றவரல்லர். ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்து ஸ்டோரில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை செய்த என் தாத்தா.

தாத்தாவின் மூக்கு தேயிலையிற் பழகிய மூக்கு. அரைத்த கொழுந்து பச்சை வாடை நீங்கிப் பழவாசம் கொள்ளும் நேரத்தை மணிக்கூடு பாராமற் சொல்வார். யூலை தொடக்கம் செப்டெம்பர் வரை ஊவாவில் வரண்ட காற்று அடிக்கும்போது தேயிலைக்கு ஒரு தனி வாசம் ஏறும். அந்தக் காற்று தொடங்கிவிட்டதா என்பதையும் முதலில் அறிவது அவர் மூக்குத்தான். அதே மூக்கைத்தான் அவர் யாழ்ப்பாணச் சுருட்டுக்கும் கொடுத்திருந்தார்.

அவர் சுருட்டைச் சோதிக்கும் விதத்தைச் சொல்லவேண்டும். முதலில் பற்ற வைக்கமாட்டார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெல்ல அழுத்திப் பார்ப்பார். இடையில் முடிச்சுப்போல் கட்டி தட்டுப்பட்டால் புகை வராது. தொய்வாக இருந்தால் விறுவிறென்று எரிந்து நாக்கைச் சுடும். பிறகு மேலிலையைப் பார்ப்பார். நரம்பு தடித்திருக்கக் கூடாது. பிறகு மூக்கு. காரநெடி குத்தினால் இலை பதம் வருமுன் சுருட்டப்பட்டது என்று ஒதுக்கிவிடுவார். இவ்வளவும் தேறினாற்றான் நெருப்புக்குச்சி. சுருட்டை உருட்டி உருட்டி நாலு பக்கமும் சமமாகப் பிடிக்கவைப்பார். புகையை நெஞ்சுக்குள் இழுக்கமாட்டார், வாயில் நிறுத்தி விட்டுவிடுவார். முதற்பகுதி சாந்தம், நடுப்பகுதிதான் சுருட்டு, கடைசிப்பகுதி கசப்பு என்பது அவருடைய பாகுபாடு. கசப்பு வருமுன் வைத்துவிடத் தெரியாதவனுக்குச் சுருட்டு எதற்கு என்பார். சாம்பல் வெளுத்து, உதிராமல் நிற்கவேண்டும்.

ஆங்கில எழுத்தாளர் கொனன் டொயில் 1887இல் வெளியிட்ட முதலாவது ஷெர்லொக் ஹோம்ஸ் கதையில், துப்பறிவாளர் தரையிற் கிடந்த சாம்பலைக் கொண்டே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். கறுத்து, செதில் செதிலாக உதிரும் சாம்பலாம். தாத்தாவிடம் போயிருந்தால் அந்தச் சுருட்டுத் தேறியிராது!

சுருட்டு என்ற சொல் நம்முடையது. சுருட்டுவதால் சுருட்டு. அதிலிருந்துதான் ஆங்கிலத்தின் ‘செரூட்’ பிறந்தது. சிங்களத்திலும் ‘சுருட்டு’ என்றே வழங்குகிறது. நம் புலவர்களும் இந்த இலையை விட்டுவைக்கவில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்பினார். அந்தப் ‘புகையிலை விடு தூது’ நூலை உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தார். மும்மூர்த்திகள் தந்த மூன்று இலைகளில் வில்வமும் துளசியும் நீரோடு போய்விட, பிரமன் தந்த இலை மட்டும் ‘போகையிலை’யாக நின்றது, அதுவே புகையிலை ஆயிற்று என்றொரு கதை. மொழிநூலார் ஒப்பமாட்டார்கள். ஆனாலும் வகுப்பிற் சொன்னால் கடைசி வாங்கு மாணவனும் நிமிர்ந்து உட்காருகிறான்.

கியூபாவின் சுருட்டுச் சாலைகளில் 1865 முதல் தொழிலாளர் சுருட்டிக்கொண்டிருக்க, ஒருவர் உயரத்தில் அமர்ந்து பத்திரிகையும் நாவலும் வாசித்துவருகிறார். 1935இல் தோன்றிய ‘மொன்டெகிறிஸ்டோ’ என்ற சுருட்டு, டூமாவின் நாவலிலிருந்து பெயர் பெற்றது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பேப்பர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுவார்கள் என்று தாத்தா சொல்வார். அவருக்கு அதைச் சொன்னவர் பதுளையிற் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். தென்னிலங்கையிலும் மலையகத்திலும் யாழ்ப்பாணத்தார் நடத்திய சுருட்டுக் கடைகள் ஒருகாலத்தில் ஊருக்கு ஊர் இருந்தன. சம்பளத்துக்கு மறுநாள் தாத்தா போவார். ஐயா கட்டை அவிழ்த்து முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பாராம். தெரிந்தெடுப்பது தாத்தாவின் பாடு. தென்னம்பொச்சுப் புகையில் இலையைப் பதப்படுத்தும் புகைக்குடிலைப் பற்றியெல்லாம் அங்கேதான் அறிந்தார்.

1983 யூலைக் கலவரம் பதுளைக்கும் வந்தது. கடை எரிந்தது. ஐயா போனவர் திரும்பி வரவில்லை.

எனக்கு அப்போது மூன்று வயது. ஆகவே நான் பார்த்து வளர்ந்த தாத்தா எந்தச் சுருட்டையும் முழுதாக ஒப்புக்கொண்டதில்லை. எடுப்பார், அமுக்குவார், மணப்பார், “ம்” என்பார். அந்த “ம்”முக்குள் ஒரு கடை இருந்தது என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது.

2010இல் பாதை திறந்திருந்த காலத்தில் நான் முதன்முறையாக யாழ்ப்பாணம் போனேன். நல்லூரைத் தரிசித்தேன், நூலகத்தைப் பார்த்தேன், புத்தகங்கள் வாங்கினேன். தாத்தாவுக்கு ஒரு கட்டுச் சுருட்டும் வாங்கிவந்தேன். அப்போது அவருக்கு இழுப்பு. சுருட்டை டாக்டர் நிறுத்தி ஐந்தாறு வருடம். படுக்கையில் இருந்தபடியே ஒன்றை உருவி, விரலால் நெடுக அழுத்திப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

“இலை அதே இலைதான். கைதான் வேற கை,” என்றார்.

ஒன்றை முனியாண்டி கோயிலுக்கு வைக்கச் சொல்லிக் கொடுத்தார். மற்றவற்றைக் கட்டி றங்குப் பெட்டியில் வேட்டிக்கு இடையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “கடைக்கார ஐயாவ விசாரிச்சியாப்பா?” என்று கேட்டார்.

ஐயாவின் பெயரும் ஊரும் சிறுவயதிலிருந்து எனக்குத் தெரியும். பஸ்ஸில் அந்த ஊரைத் தாண்டித்தான் போய் வந்திருந்தேன். விசாரிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.