நாணயம் ஏறும் ஏடு

(தோவாளை வட்டாரப் பஞ்சாயத்து அங்கத்தினர்களிடையே நிகழ்த்திய பேச்சு)



நாஞ்சில் நாட்டில் முன்னாளில் ஒருவருடைய நாணயத்திற்கு ஊராரே சாட்சி. கும்பப்பூ அறுத்ததும் கடனைத் தீர்த்தவருக்கு அடுத்த பூவுக்கும் பணம் கிடைத்தது. இன்று அந்த நாணயம் ஏட்டில் ஏறிவிட்டது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சிபில் முதலிய 4 கடன் விவரக் கம்பெனிகள் ரிசர்வ் பாங்கியின் அனுமதி பெற்று அவ்வேட்டைப் பராமரிக்கின்றன. பாங்கியில் வாங்கிய பயிர்க் கடனும் டிராக்டர் கடனும் அதில் உண்டு. பிறருக்காக நாம் நின்ற ஜாமீனும் உண்டு. அதைக்கொண்டு 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகிறார்கள்.

“பணம் தராவிட்டால் உங்கள் பெயரைச் சிபிலில் ஏற்றிவிடுவேன்” என்று வசூலுக்கு வருபவர் மிரட்டுவதுண்டு. அந்த அதிகாரம் அவருக்கு இல்லை. கடன் கொடுத்த ஸ்தாபனமே விவரம் அனுப்புகிறது. குறைந்தது 15 நாட்களுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் அமலுக்கு வந்தது. தவணை தவறியதும் அதில் போகும். ஒழுங்காகக் கட்டியதும் போகும். ஆகவே, அச்சத்தால் ரசீதின்றிப் பணம் கொடுக்காதீர்கள். அப்பணம் பாங்கிக் கணக்கில் சேராவிடில், ஏட்டில் பாக்கி பாக்கியாகவே நிற்கும்.

“பாதி கட்டுங்கள், பைசல் செய்துவிடலாம்” என்பார்கள். பைசலானது வேறு, முழுவதும் தீர்ந்தது வேறு. ஏட்டில் இரண்டும் வெவ்வேறாகவே எழுதப்படும். பைசல் என்ற குறிப்பைக் கண்டால் அடுத்த கடனுக்குப் பாங்கி தயங்கும். வேறு வழியற்றவர் அதை ஏற்கலாம். ஆனால் அறிந்து ஏற்க வேண்டும். விளைச்சல் பொய்த்தால், தவணை நாளுக்கு முன்பே பாங்கிக்குச் சென்று கெடுவை மாற்றித்தரக் கேட்பதே நலம்.

கடன் தீர்ந்ததும் ‘பாக்கி இல்லை’ என்ற கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அதில் பிழை கண்டால் கம்பெனிக்கும் பாங்கிக்கும் எழுதுங்கள். 30 நாட்களுக்குள் புகாரைத் தீர்க்காவிடில், நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும் என்று 2023-இல் ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டது. அது 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது.

பஞ்சாயத்து அங்கத்தினர்களே, அறிக்கையைத் தாமே பெறவும் படிக்கவும் இயலாதவர்கள் நம் ஊர்களில் உண்டு. அவர்களுக்கு அதைப் பெற்றுப் படித்துக் காட்டுங்கள். வயலில் உழைத்துக் கடனைத் தீர்த்த குடியானவருடைய பெயர், பிறர் பிழையால் ஏட்டில் கெட்டுக் கிடக்கலாகாது.