பல உளிகள், ஒரு கோயில்

கவிதை தனியொருவர் தவம் என்பர். கட்டடக் கலையோ பலர் கூடி ஒரு மனத்தராய் இயற்றுவது. பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டம் அக்கூட்டுப் பணியின் நெறியை எண்ணிப் பார்ப்பது பொருத்தமே. அதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் நிற்கிறது.

விமானத்தின் உச்சிக்கு முதலாம் இராசராசன் குடம் ஈந்தது அவனது 25ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010இல். கோயில் ஸ்ரீகாரியம் பார்த்தவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்த வேளான். அரசன் ஏவலால் திருச்சுற்று மாளிகை எடுப்பித்தவன் சேனாபதி கிருஷ்ணன் இராமன். தச்சருள் தலைமை குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனுடையது. அவனுக்கு அடுத்து நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என இருவர். கோயிற் கல்வெட்டுகளே இப்பெயர்களைச் சொல்கின்றன.

பொறுப்பைப் பிரித்தால் மட்டும் போதுமா? அளவு ஒன்றாதல் வேண்டும். அங்கு நெல் அளந்த மரக்காலுக்கும் பொன் நிறுத்த கல்லுக்கும் ‘ஆடவல்லான்’ என்று இறைவன் பெயரையே இட்டனர். காவிரிக் கழனியின் நெல் எவ்வூரிலிருந்து வரினும் கோயிலில் அதனை அளந்த மரக்கால் ஒன்று. கட்டுமானத்திற்கும் அதுவே நெறி. வண்டல் நிலமாகிய தஞ்சையில் கருங்கல் மலை இல்லை. கல் வெளியிலிருந்து வந்தது. ஆளுக்கொரு முழக்கோல் பிடித்திருந்தால் ஏறத்தாழ 200 அடி விமானம் பொருந்தி எழுந்திராது.

உச்சியிலுள்ள சிகரம் ஒரே கல் என ஊரார் சொல்வர். ஆய்ந்தோர் அது பல துண்டுகள் இணைந்தது என்பர். பல கற்களை ஒரே கல்லென நம்பவைத்த அந்தப் பொருத்தமே பெருந்தச்சனின் புகழ்.

கருவறைக்கு மேல்தளத்துச் சுற்றில் 108 கரணங்களுள் 81 உருப்பெற்றுள்ளன. எஞ்சிய 27 கற்கள் வெறுமையாய் நிற்கின்றன. அவற்றைக் குறை என்று கடந்துவிடலாகாது. உளி தொடுமுன்னரே முழு வரிசையும் வகுக்கப்பட்டிருந்தது என்பதை அவ்வெறுங்கற்களே காட்டுகின்றன. எந்தக் கல்லில் எந்தக் கரணம் வரவேண்டும் என்பது நாட்டிய நூல் வல்லார்க்கு இன்றும் விளங்கும். ஆனால் முடிந்த 81இல் எதை எவர் கை செதுக்கிற்று என்பது மட்டும் கல்லில் இல்லை.

கவிஞர் நெஞ்சில் தைக்க வேண்டியது இதுவே. தலைமைத் தச்சர் மூவரின் பெயர் நின்றது. கரணம் வடித்தவர் பெயர் நிற்கவில்லை. கூடிப் படைப்போர் அளவில் ஒன்றுபடுக, கையில் வேறுபடுக, உடன் உழைத்தவர் பெயரை ஒருபோதும் விடாதிருக்க. பின்வருவோர்க்கென இடம் வகுத்து வைத்தலும் படைப்பின் பகுதியே.