பதின்மூன்று எலக்ட்ரான்களை இழந்த இரும்பு

(தூத்துக்குடியில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அயனிக்கு எடுத்துக்காட்டுத் தேடி இந்த ஊரில் அலைய வேண்டியதில்லை. பள்ளிக்கு வரும் வழியிலேயே உப்பளம் இருக்கிறது. சோடியம் ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. மக்னீசியம் என்றால் இரண்டு, அலுமினியம் என்றால் மூன்று. நம் வகுப்பறை பெரும்பாலும் மூன்றோடு நின்றுவிடுகிறது. நான் இன்று பேச வந்தது பதின்மூன்று எலக்ட்ரான்களை இழந்த ஓர் அயனியைப் பற்றி.

இரும்பின் அணு எண் 26. சரிபாதி போனால் மீதி 13. அது அலுமினியத்தின் எண்ணிக்கை. கரும்பலகையில் 2, 8, 3 என்று எழுதினால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கே புரிந்துவிடும். இப்படிப்பட்ட இரும்பு சூரியனைச் சுற்றியுள்ள கரோனாவில் இருக்கிறது.

1869 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்காவில் தெரிந்த முழு சூரிய கிரகணத்தின்போது, கரோனாவின் நிறமாலையில் ஒரு பச்சைக் கோடு தென்பட்டது. அலைநீளம் 530.3 நானோமீட்டர். தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தவில்லை. எனவே ‘கொரோனியம்’ என்று புதுத் தனிமம் ஒன்றுக்கே பெயர் வைத்துவிட்டார்கள். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியின் குரோட்ரியனும் சுவீடனின் எட்லெனும் செய்த ஆய்வுகளால்தான் அது நம் பழைய இரும்பு என்று தெரிந்தது. ஆனால் 13 எலக்ட்ரான்களை உரிக்க வேண்டுமானால் பத்து இருபது லட்சம் டிகிரி வெப்பம் வேண்டும். சூரியனின் மேற்பரப்போ சுமார் 5,500 டிகிரி செல்சியஸ்தான்.

‘கரோனாவின் வெப்பநிலை இத்தனை லட்சம்’ என்று நாம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அங்கே வெப்பமானி வைத்தவர் யார் என்று ஒரு பிள்ளை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாமே கேட்கலாம்.

உப்பளத்துப் பாத்தியின் நீர்மட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வந்து சேரும் நீரும் ஆவியாகும் நீரும் சேர்ந்துதான் மட்டத்தை முடிவு செய்கின்றன. கரோனாவிலும் அப்படித்தான். மோதல்கள் எலக்ட்ரான்களைப் பிடுங்குகின்றன. கடந்து செல்லும் எலக்ட்ரான்களை அயனி மீண்டும் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பிடிப்புக்கு மறு இணைவு என்று பெயர். 13 இழந்த இரும்பு எவ்வளவு, 12 இழந்த இரும்பு எவ்வளவு என்ற விகிதத்திலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடலாம். ஆனால் இரண்டு வேகங்களும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

தெரியவில்லை. 1960களின் தொடக்கம் வரை, இந்தக் கணக்கு தந்த வெப்பநிலை, கோட்டின் அகலத்தை வைத்துக் கண்ட வெப்பநிலையில் ஏறக்குறையப் பாதிதான் இருந்தது. 1964இல் ஆலன் பர்ஜெஸ் என்ற பிரிட்டன் இயற்பியலாளர், விடுபட்டிருந்த ஒரு வழியைக் கணக்கில் சேர்த்தார். சாதாரணமாக, சிக்கும் எலக்ட்ரான் தன் உபரி ஆற்றலை ஒளியாக விட்டுவிட்டு அமரும். மற்றொரு வழியில், அது தன் ஆற்றலை உள்ளே இருக்கும் ஓர் எலக்ட்ரானுக்குக் கொடுத்து அதை மேல்மட்டத்துக்கு ஏற்றிவிட்டு, தான் வெளிக்கூட்டில் ஒட்டிக்கொள்ளும். மறுபடி தப்பி ஓடுவதற்குள் ஒளி வெளிப்பட்டுவிட்டால் சிக்கியது சிக்கியதுதான். குறிப்பிட்ட சில ஆற்றல்களில் மட்டுமே இது நடக்கும். நடக்கும் இடத்தில் பலமாக நடக்கும். இதைச் சேர்த்ததும் இரண்டு வெப்பநிலைகளும் நெருங்கி வந்தன.

கணக்கு சரி, அளந்து பார்த்தார்களா? இந்தக் கேள்விதான் எனக்கு மிகப் பிடித்தது. ஓடும் இரண்டு வள்ளங்களுக்கிடையே மீன்கூடையை எப்படி மாற்றுவார்கள்? ஒரே திசையில், ஒரே வேகத்தில், பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவார்கள். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில், மாக்ஸ் பிளாங்க் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தில் இருந்த சேமிப்பு வளையத்தில் நடந்ததும் இதுதான். வளையத்தின் சுற்றளவு சுமார் 55 மீட்டர். உள்ளே மிகுந்த வேகத்தில் அயனிகள் சுற்றும். ஒரு நேர்ப்பகுதியில் மட்டும் எலக்ட்ரான் கற்றை அவற்றோடு கூடவே ஓடும். எலக்ட்ரான்களின் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக மாற்றினால், இரண்டுக்கும் இடையிலான வேக வேறுபாடும் அதேபோல் மாறும்.

எலக்ட்ரானைப் பிடித்த அயனியின் மின்சுமை 13லிருந்து 12 ஆகிவிடும். அடுத்த வளைவிலுள்ள காந்தம் அதைச் சற்றுக் குறைவாகவே வளைக்கும். கூட்டத்தைவிட்டு விலகி வந்து உணர்கருவியில் விழும் அதை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். சிப்பிக் குவியலில் முத்துத் தேடுகிற வேலைதான். போலி முத்தும் உண்டு: வளையத்தில் எஞ்சியிருக்கும் வாயுவிலிருந்தும் அயனி எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். அதைத் தனியாக மதிப்பிட்டுக் கழிக்க வேண்டும்.

நம் பச்சைக் கோட்டு இரும்பையே அங்கு அளந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். தொலைதூர விண்மீன் திரள்களின் மையத்தைச் சூழ்ந்த, கரோனாவைவிடக் குளிர்ந்த வாயுவின் வெப்பநிலைகளில், மறு இணைவு அதுவரை பயன்பாட்டில் இருந்த மதிப்பைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. அந்த வாயுவைப் பற்றிப் பழைய எண்ணை வைத்துச் செய்த கணக்குகளைத் திருத்த வேண்டியதாயிற்று.

இதில் நம் பக்கத்து ஊருக்கும் பங்கு உண்டு. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி, செங்கோட்டைக்காரர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அந்தக் கலத்தில், பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம் உருவாக்கிய கருவி ஒன்று, கிரகணத்துக்குக் காத்திராமல் கரோனாவைப் பார்க்கிறது. அது பார்க்கும் கோடுகளில் ஒன்று அதே 530.3. இன்னொன்று அகச்சிவப்பில் 1074.7 நானோமீட்டர், 13 இழந்த இரும்பு ஓர் எலக்ட்ரானைத் திரும்பப் பிடித்த பின் ஆகிற அயனியின் கோடு அது.

நாளை வகுப்பில் அந்த இரண்டாவது அயனியைக் கரும்பலகையில் எழுதி, அதில் எத்தனை எலக்ட்ரான்கள் மீதி, அதே எண்ணிக்கை கொண்ட தனிமம் எது என்று கேட்டுப் பாருங்கள். தனிம வரிசை அட்டவணையில் அலுமினியத்துக்கு அடுத்த கட்டத்தில் யாராவது விரல் வைப்பார்கள்.